'ஓ' போட்டது யார் குற்றம்?

செக் எழுதும்போது தொகையை ஏன் இரண்டு தடவை எழுதச் சொல்கிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? ஒரு தடவை எண்ணில், ஒரு தடவை எழுத்தில். பி.காம். படித்தபோது எங்களுக்கு இதற்குச் சட்டமே நடத்தினார்கள். 1881-ம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம். எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகாவிட்டால் எழுத்தில் உள்ள தொகைதான் செல்லும் என்கிறது அதன் 18-வது பிரிவு. ஆனால், கவுன்ட்டரில் இருப்பவர் பெரும்பாலும் செக்கையே திருப்பிக் கொடுத்துவிடுவார். 'இதுல எது சரின்னு எனக்குத் தெரியலை. ஒழுங்கா எழுதிட்டு வாங்க ஸார்!'

எரிச்சலாக இருக்கும். ஆனால், உங்கள் பணத்தைக் காப்பாற்றுவது அந்தக் கேள்விதான். புரியாததைப் புரிந்த மாதிரி காட்டிக்கொண்டு அவர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவதில்லை.

இந்த நல்ல குணம் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு இல்லாமல் போனதால், செங்கல்பட்டில் ஒரு பையன் மெமோ வாங்கியிருக்கிறான். என் அக்கா பையன்.

ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஒரு வியாபார நிறுவனத்தில் அவனுக்கு வேலை. (பெயர் வேண்டாம், பிழைத்துப்போகட்டும்!) கடைகளில் இருக்கும் பில் மெஷின்களின் செட்டிங்கை மாற்ற அங்கே ஒரு சின்ன புரோகிராம். எப்போதோ யாரோ சி மொழியில் எழுதிவைத்துவிட்டுப் போனது. மௌஸ், மெனு எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை டைப் அடிக்க வேண்டும். முதலில் புரோகிராமின் பெயர். பிறகு ஒரு சின்னக் கோடும் ஓர் எழுத்தும். அதன் பின்னால் கிளை எண். கோடு போட்ட அந்த எழுத்துக்கு 'ஆப்ஷன்' என்று பெயர். ஹோட்டலில் 'ஒரு காபி' என்பது கட்டளை. 'சர்க்கரை கம்மியா' என்பது ஆப்ஷன்.

இடம் மாறித் திறந்த 05-ம் நம்பர் கிளையில் ஒத்திகைக்காகப் போட்ட பில்களை அழித்துவிட்டு, பில் நம்பரை 1-லிருந்து ஆரம்பிக்க வேண்டும். பையன் அவசரத்தில் பூஜ்யத்துக்குக் கீழ் வரிசையில் இருக்கும் ஆங்கில 'ஓ'வைத் தட்டிவிட்டான். திரையில் பார்த்தால் ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.

இனிதான் வேடிக்கை. டைப் அடித்ததை எண்ணாக மாற்ற சி மொழியில் 'ஏ-டு-ஐ' என்று ஒரு சமாசாரம் உண்டு. '12' என்று கொடுத்தால் 12 என்று எடுத்துக்கொள்ளும். 'வாழைப்பழம்' என்று கொடுத்தால்? 'இது எண்ணே இல்லை' என்று கத்தாது. சாவகாசமாக 0 என்று பதில் சொல்லும். நிஜமாகவே பூஜ்யம் கொடுத்தாலும் அதே 0-தான். 'ஓ'வில் ஆரம்பித்த கிளை எண்ணுக்கும் 0 என்றே சொன்னது. அந்தப் புரோகிராமில் 0 என்றால் என்ன அர்த்தம் தெரியுமா?

எல்லாக் கிளைகளும்!

ஞாயிற்றுக்கிழமை சாயங்கால வியாபாரம். அத்தனை கடையிலும் பில் நம்பர் 1, 2, 3 என்று புதிதாக ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு நிதியாண்டுக்குள் ஒரே நம்பரில் இரண்டு பில் இருக்கக் கூடாது என்பது ஜி.எஸ்.டி. விதி. கணக்கு எழுதுகிறவர்களுக்கு அடிவயிறு எப்படிக் கலங்கும் என்று எனக்குத் தெரியும். மறுநாளே மெமோ. 'கவனக்குறைவு.' ஓர் இன்க்ரிமென்ட் கட்.

அடுத்த வாரம் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும்போது அவன் இதை என்னிடம் சொல்லி முடித்தான். அங்கே ஒரு சிற்பப் பட்டறை வாசலில் நின்றோம். பெரியவர் ஒருவர் உளியைத் தொடவே இல்லை. கல்லின் மேல் செங்காவியில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தள்ளி நின்று பார்த்தார். துடைத்தார். மறுபடியும் போட்டார்.

"இத்தனை வருஷ அனுபவத்துக்கு அப்புறமும் கோடு போட்டுத்தான் ஆகணுமாங்கய்யா?" என்றான் பையன்.

"கோடு தப்பாப் போச்சுன்னா துணி போதும் தம்பி. கல்லு போச்சுன்னா போனதுதான்."

பையன் என் பக்கம் திரும்பினான். "நல்ல புரோகிராம்லயும் இந்தக் கோடு இருக்கும் மாமா. 'மைனஸ் என்'னு ஒரு ஆப்ஷன். எதையும் செய்யாதே, என்ன செய்யப்போறேன்னு மட்டும் சொல்லுன்னு அர்த்தம்." யூனிக்ஸில் 'மேக்', 'ஆர்-சிங்க்' போன்ற புரோகிராம்களில் அது இருக்கிறதாம்.

அவன் சொல்லச் சொல்ல எனக்கு அந்த செக்தான் ஞாபகம் வந்தது. ஆப்ஷன்களைப் பிரித்துக் கொடுக்க சி-யில் 'கெட்-ஆப்ட்' இருக்கிறது. தெரியாத ஆப்ஷன் வந்தால் அது புகார் செய்யும். ஆனால், ஆப்ஷனுக்குப் பின்னால் வரும் எண் உண்மையிலேயே எண்தானா என்று பார்ப்பது புரோகிராம் எழுதுகிறவரின் பொறுப்பு. அதற்கும் வழி இருக்கிறது. 'ஸ்ட்ரிங்-டு-லாங்' என்று ஒன்று, எந்த எழுத்தில் தடுக்கி நின்றேன் என்று காட்டிக் கொடுத்துவிடும். எல்லாக் கிளையையும் மாற்ற வேண்டுமென்றால் அதற்கு நீளமான பெயரில் தனி ஆப்ஷன் வைக்கலாம். கூடவே 'எல்லாக் கடையிலும் மாற்றப்போகிறேன், சரியா?' என்று ஒரு கேள்வி. எண்ணாலும் எழுத்தாலும் என்பது இதுதானே!

பெரிய இடத்திலும் இப்படி நடந்திருக்கிறது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்-3 என்ற தகவல் சேமிப்பு சேவையில் பில்லிங் வேலை மெதுவாக ஓடுகிறது என்று ஓர் ஊழியர் கட்டளை கொடுத்தார். சில சர்வர்களை மட்டும் விலக்க வேண்டும். கொடுத்த விவரத்தில் ஒரு பிழை. நிறைய சர்வர்கள் விலகிவிட்டன. எஸ்-3-ஐ நம்பியிருந்த பல இணையதளங்கள் சுமார் 4 மணி நேரம் திண்டாடின. அமேசான் வெளியிட்ட விளக்கத்தில் அந்த ஊழியரின் பெயர் இல்லை. கருவியைத் திருத்திவிட்டோம் என்று இருந்தது. இனி அது மெதுவாகத்தான் சர்வர்களை விலக்கும். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவிடாது.

விரல் தவறத்தான் செய்யும். அதற்காகப் பத்து விரலையும் வெட்டிக்கொள்ள முடியுமா? 'யார் தட்டினது?' என்று கேட்டால் ஒரு பையன் மாட்டுவான். 'தட்டினதை ஏன் கேள்வி கேக்காம ஏத்துக்கிச்சு?' என்று கேட்டால்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தப்பிக்கும்.

மெமோவுக்குப் பதிலோடு, புரோகிராமைத் திருத்தவும் அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான் பையன். நாலைந்து வரி வேலைதான். இதை எழுதும்வரை பதில் இல்லை.

அவனை வேறு செக்ஷனுக்கு மாற்றிவிட்டார்கள். புரோகிராம் அதேதான். இப்போது அதன் முன்னால் உட்கார்ந்திருப்பது வேறு ஒரு பையன்.