பிரானான்னு வாங்கின மீன்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல என் தங்கச்சி வீடு. கூடத்துல குழித்தறி, எதிர்ச் சுவரோரம் ரெண்டடி கண்ணாடித் தொட்டி. போன வருஷம் தங்கச்சி மகன் சென்னையில ஒரு கடையில நாலு மீன் குஞ்சு வாங்கிட்டு வந்தான். வயிறு செக்கச்செவேல்னு இருக்கும். "பிரானா மாமா, கைய விட்டா போச்சு"ன்னு பெருமையா சொன்னான். அவன் பையனுக்கு எட்டு வயசு. நாலுக்கும் பேர் வெச்சு, ஸ்கூல் பசங்களை எல்லாம் கூட்டியாந்து காட்டினான்.

போன மாசம் போனப்போ ஒவ்வொண்ணும் என் உள்ளங்கையை விடப் பெருசு. திரும்ப இடமில்லாம, தறிச் சத்தம் கேட்டாலே மிரண்டு கண்ணாடியில மோதுது. தினமும் கோழிக்கறித் துண்டு போடறாங்க. மிச்சம் அழுகி தண்ணி கலங்கி ஒரே நாத்தம். பட்டு வெச்சிருக்கிற வீட்ல இது என்ன கருமம்னு மச்சான் முனகிட்டே இருக்கார்.

எனக்கு முதல் பார்வையிலேயே சந்தேகம். எங்க ஊருக்குப் பக்கத்துல ஒருத்தர் பண்ணைக்குட்டையில ரூப்சந்த் வளர்க்கிறார். மார்க்கெட்ல ஏரி வவ்வால்னு விக்கிற மீன்தான். அதே உடம்பு, அதே வயிறு. ஒண்ணை வலையில எடுத்து, ஈரத்துணியில புடிச்சு வாயைப் பார்த்தேன். பல்லு நம்ம கடைவாய்ப்பல் மாதிரி சதுரமா இருக்கு. நிஜப் பிரானாவுக்குப் பல்லு முக்கோணமா, பிளேடு மாதிரி, மேலயும் கீழயும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டி நிற்கும். கீழ்த்தாடையும் முன்னால துருத்திட்டு இருக்கும்.

ரெண்டும் தென் அமெரிக்காவுல ஒரே குடும்பத்து மீனுங்க. நம்மகிட்ட இருக்கிறதுக்கு அங்க பாக்குன்னு பேரு. (நம்ம வெத்தலை பாக்கு இல்ல. ஆனா மரத்துலேர்ந்து தண்ணியில விழற கொட்டையைக் கடிச்சு உடைக்கத்தான் அந்தப் பல்லு.) 2003, 2004 வாக்குல வங்கதேசம் வழியா இந்தியாவுக்கு வந்து, இப்ப குட்டை குட்டையா வளர்க்கிறாங்க.

கொய்யாப்பழத்தை நறுக்கிப் போட்டேன். நாலும் பாய்ஞ்சு தின்னுச்சு. பையன் முகம் தொங்கிப் போச்சு. "அப்போ இது பிரானா இல்லையா தாத்தா?" ஸ்கூல்ல என்னென்ன சொல்லி வெச்சிருந்தானோ. "இதுவும் விரலைக் கடிக்கும்டா, பல்லு கெட்டி"ன்னேன். கொஞ்சம் தெம்பாயிட்டான்.

கறியை நிறுத்தச் சொன்னேன். கீரை, வேகவெச்ச பட்டாணி, மீன் தீவனம் போதும். வாரம் ஒருதரம் மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்தணும். குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும், ட்ரம்ல ஒரு நாள் வெச்சு ஊத்தணும். ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணியிலயே அலசணும். குழாயில கழுவினா, மீன் கழிவைக் கரைக்கிற நல்ல கிருமி செத்துடும்.

இதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்னு கடையில சொன்னாங்களாம். அப்படி எல்லாம் இல்ல. குட்டையில விட்டா வருஷத்துல ஒரு கிலோ தொடற மீனு இது. ரெண்டடியில கெடந்தா நோவு புடிச்சுத்தான் சாகும்.

"அப்ப சர்வதீர்த்தக் குளத்துல விட்டுடலாமா மாமா? இல்ல உங்க ஊர் ஏரியில?"ன்னான் தங்கச்சி மகன். பொரி போடற குளம், மீனை விட்டா புண்ணியம்னு தங்கச்சியும் சேர்ந்துக்கிச்சு. எனக்குக் கோபம் வந்துடுச்சு. 1952ல இலங்கையிலேர்ந்து ஜிலேபியைக் கொண்டாந்தாங்க. இன்னிக்கு எங்க ஏரியில வலை போட்டா பாதிக்கு மேல அதுதான். கெளுத்தியும் அயிரையும் தேடிப் பார்க்கணும். கேரளாவுல 2018 வெள்ளத்துக்கு அப்புறம் ஆத்துல அரபைமா வலையில சிக்குச்சு. எவனோ ஆசைக்கு வளர்த்தது. ஏரியில விட்டதைத் திரும்ப யார் புடிக்கிறது?

கடைசியில அந்தப் பண்ணைக்குட்டைக்காரர்கிட்ட பேசினேன். பத்தோட பதினொண்ணா விடுங்கன்னார். மூடி போட்ட பிளாஸ்டிக் ட்ரம்ல, பாதித் தண்ணியோட வண்டியில ஏத்தினோம். ஒண்ணு வழியிலேயே போயிடுச்சு.

மீதி மூணையும் பையன் கையாலயே விடச் சொன்னேன். விட்டுட்டுக் கரையில உக்காந்தவன், "இவர் இதெல்லாம் புடிச்சு வித்துடுவாரா?"ன்னான்.

பொய் சொல்ல வாய் வரலை. "ஆமாண்டா, பெருசானா விப்பார்"னேன்.

ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், அடுத்த ஞாயித்துக்கிழமை கொய்யாப்பழம் எடுத்துட்டு வரலாமான்னு கேட்டான். ரெண்டு வாரமா வர்றான். எந்த மீனுன்னு அடையாளம் தெரியலை, எல்லாத்துக்கும் போடறான்.