சாவி யார் வீட்டில்?

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமம். பக்கத்து நூற்பாலை தன் சமூகப் பொறுப்பு நிதியில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டிக் கொடுத்தது. பயனாளிகள் பட்டியலைத் தயாரித்தவள் நான். அதில் பாதிக்கு மேல் காலனிக் குடும்பங்கள். எந்திரத்தை வைத்ததோ ஊர்க் கோயிலுக்கு எதிரே. இடம் கொடுத்தவர் ஊர்ப் பெரியவர். சாவியும் அவர் வீட்டில்தான்.

ஆறு மாதம் கழித்துப் போனேன். காலனியில் அதே உப்புத் தண்ணீர்.

"அங்க கொடத்த வெச்சா, எல்லாரும் புடிச்ச பெறகு வான்னு சொல்றாங்கம்மா. வேலைக்குப் போற நேரத்துல யாரு நிப்பா?" என்றார் ஓர் அக்கா. அவர் மகள் வேலைக்குப் போவது அதே ஆலைக்குத்தான்.

ஆலை அதிகாரியிடம் சொன்னேன். "மேடம், நாங்க சாதியெல்லாம் பாக்கறதில்லை. திட்டம் முடிஞ்சது, கணக்கும் முடிஞ்சது" என்றார். அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இடம் எது என்று கேட்காமல் பட்டியலைக் கொடுத்தவள்தானே நான்.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2021 முதல், செலவிடாத பணத்தை உரிய நிதியில் சேர்க்காவிட்டால் அபராதம். நிறுவனங்கள் பயப்படுவது இந்த அபராதத்துக்கு. ஆபத்தோ செலவிட்ட பணத்திலும் இருக்கிறது. பொதுத் தண்ணீரைத் தலித்துகளுக்குத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அது நடக்கும் இடத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயர்ப்பலகை தொங்குகிறது.

பலகை எதையும் மறைக்காது. 2021 சனவரியில் இதே மாவட்டத்தின் ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். மறு ஆண்டு அந்த ஆலையின் சரக்கை அமெரிக்கச் சுங்கத்துறை சில வாரங்கள் தடுத்து வைத்தது. நிலைமையை மாற்றியது நன்கொடை அல்ல. தலித் பெண்கள் முன்னின்ற தொழிற்சங்கம் போராடிப் பெற்ற, 2022 ஏப்ரலின் திண்டுக்கல் ஒப்பந்தம். எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகியவையும் அதற்குக் கட்டுப்பட்டன. பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் அது பெயர் சொல்லியே தடுத்தது. கண்காணித்தவர்களும் தொழிலாளர்களே.

இப்போது எந்த நிறுவனத் திட்டம் வந்தாலும், எத்தனை லட்சம் என்று நான் முதலில் கேட்பதில்லை. எந்தத் தெருவில், சாவி யாரிடம் என்றுதான் கேட்கிறேன். பதில் இல்லையென்றால் பட்டியல் தருவதில்லை.