39-ஆவது இடம்

2025 ஏப்ரல் 24, வியாழக்கிழமை மாலை. வேலை முடிந்து வந்து காரைவிட்டு இறங்குவதற்குள் மகன் வாசலுக்கு வந்துவிட்டான். "அப்பா, ஜென்ட்டிக்காக நாம மேல போகணுமா, வேண்டாமா?"

நாம என்றால் சிகாகோ பேர்ஸ். இந்த ஊரில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தால் இரண்டு வியாதிகள் தப்பாமல் வரும். பனி அள்ளிய முதுகுவலி ஒன்று, பேர்ஸ் இன்னொன்று. கடைசியாக அவர்கள் சாம்பியன் ஆனது 1986 ஜனவரியில். அப்போது நான் பொள்ளாச்சிப் பக்கம் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்கக் கால்பந்தை எட்டிக்கூடப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 32 அணிகள். கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை ஏப்ரல் மாதம் வரிசைப்படி தேர்ந்தெடுப்பார்கள், ஏழு சுற்று. போன வருடம் மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் இடம். நம்ம ஊர்ப் பொறியியல் கவுன்சிலிங்கைத் தலைகீழாகப் பிடித்தது மாதிரி. வரிசையில் உங்கள் இடத்தை விற்கலாம், வாங்கலாம். பின்னால் இருப்பவன் முன்னால் போக வேண்டுமானால் கையிலிருக்கும் மற்ற இடங்களைக் கொடுக்க வேண்டும். இந்த வருடத்து இடங்கள் போதாவிட்டால் அடுத்த வருடத்தையும் எழுதிக் கொடுக்கலாம். இதுதான் டிரேட் அப்.

பேர்ஸுக்கு அன்று 10-ஆவது இடம். ஆஷ்டன் ஜென்ட்டி என்ற பையன் அதற்கு முந்தைய பருவத்தில் பாய்சி ஸ்டேட் கல்லூரிக்காகப் பந்தைத் தூக்கிக்கொண்டு 2601 கெஜம் ஓடியிருந்தான். 6-ஆவது இடத்தில் இருந்த ரெய்டர்ஸ் அவனை எடுத்துவிடுவார்கள் என்று என் மகனுக்குப் பயம். 5-க்குப் போனால் முந்திவிடலாம். இதற்கெல்லாம் ஒரு விலைப்பட்டியலே இருக்கிறது, டாலஸ் கவ்பாய்ஸ் அணி 1990-களின் தொடக்கத்தில் போட்டது. முதல் இடத்துக்கு 3000 புள்ளி, 5-க்கு 1700, 10-க்கு 1300. குறைவது 400. எங்களிடம் இருந்த 39-ஆவது இடத்துக்கு 510. "அதைக் குடுத்துட்டு மீதிச் சில்லறை வாங்கிக்கலாம்பா" என்றான்.

நான் வேண்டாம் என்றேன். காரணம், 2017. அந்த ஏப்ரலில் 3-ஆவது இடத்தில் இருந்த பேர்ஸ், ஒரே ஒரு படி ஏறி 2-க்குப் போவதற்காக 67, 111 ஆகிய இடங்களையும் அடுத்த வருட மூன்றாம் சுற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எடுத்தது மிட்செல் டிரபிஸ்கியை. 10-ஆவது இடம் வரை ஆளில்லாமல் காத்திருந்தவன் பாட்ரிக் மகோம்ஸ். அன்று இரவு சோபாவில் உட்கார்ந்து கைதட்டியவர்களில் நானும் ஒருவன். இன்றைக்கும் அதை நினைத்தால் உள்ளங்கை கூசுகிறது.

மகனும் விடவில்லை. மகோம்ஸை எடுத்த கன்சாஸ் சிட்டியும் 27-லிருந்து 10-க்கு ஏறித்தானே எடுத்தது? அதற்கு அவர்கள் அடுத்த வருட முதல் சுற்றையே கொடுத்தார்களே? நியாயமான கேள்வி. ஏறுவது தப்பில்லை, யாருக்காக ஏறுகிறோம் என்பதுதான் கணக்கு என்று சொல்லலாம். ஆனால் யார் என்பது அன்றைக்குத் தெரியாது என்பதுதான் சிக்கலே. கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு பேராசிரியர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். தேலர் 2017-ல் பொருளாதார நோபல் வாங்கியவர். முன்னால் எடுக்கப்பட்டவன், அதே ஆட்ட நிலைக்கு அடுத்ததாக எடுக்கப்பட்டவனைவிடச் சிறப்பாக ஆட எவ்வளவு வாய்ப்பு? நூற்றுக்கு 52தான். அடுத்த வருடத்து இடத்தை விற்று இந்த வருடத்து இடம் வாங்குபவர்கள் கொடுக்கும் வட்டி, வருடத்துக்கு நூறு சதவீதத்துக்கும் மேல். மீட்டர் வட்டிக்காரர் இதைவிட இரக்கமுள்ளவர்.

இதை நான் ரசித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தங்கை. அங்கே விடிகாலை ஐந்தரை. அடுப்பில் இட்லிப் பானையை ஏற்றிவிட்டுக் கூப்பிடுகிறாள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது.

"அண்ணா, பாப்பாவுக்கு மாஸ்டர்ஸ் இடம் வந்திருக்குதுங்க. பேங்க்குல வீட்டு டாக்குமெண்ட் கேக்கறாங்க. வெக்கலாமுங்களா?"

45 லட்சம். கணவரும் அவளும் சேர்ந்து பதினைந்து வருடமாகக் கட்டிய வீடு அது. விசா நிலவரம் தினம் ஒரு செய்தியாக மாறிக்கொண்டிருந்த வசந்தம். சின்னவன் பிளஸ் ஒன் முடித்திருக்கிறான். நான் ஆலோசகன்; யோசனை சொல்வதற்குத்தான் சம்பளமே. முதலில் வாயில் வந்தது, "சின்னவனுக்கு என்ன வெச்சிருக்கீங்க?"

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. இட்லிப் பானை மட்டும் கொதிக்கிற சத்தம்.

2001-ல் அப்பா ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பை விற்றார். எனக்கு முதல் வருடக் கட்டணமும் விமான டிக்கெட்டும் ஆயிற்று. அதே வருடம் பி.எஸ்சி. கணக்கு முடித்த அவளுக்குக் கோயம்புத்தூரில் எம்.சி.ஏ. இடம் கிடைத்திருந்தது. அந்தக் கடிதம் அப்பாவின் டிரங்குப் பெட்டியில், பத்திரப் பிரதிக்கு அடியில் கிடந்ததை அவர் காரியத்துக்குப் போனபோதுதான் நான் பார்த்தேன். அதுவரை அவளுக்கு மேலே படிக்க விருப்பமில்லை என்று நான் நம்பியிருந்தேன். யார் அப்படிச் சொன்னார்கள் என்று யோசித்துப் பார்த்தால், யாருமே சொல்லவில்லை. அடுத்த வருடம் கல்யாணம். இப்போது ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர்.

என் விஷயத்தில் பந்தயம் பலித்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொள்வேன். நான் அமெரிக்கா வந்து ஒரு மாதத்தில் இரட்டைக் கோபுரம் விழுந்தது. படித்து முடித்து எட்டு மாதம் வேலையில்லை. அப்போது அப்பாவுக்கு எழுதிய மின்னஞ்சல்களில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே எழுதினேன். பலிக்காமல் போயிருக்க எவ்வளவு வாய்ப்பிருந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தங்கையிடம் அந்த 52-ஐச் சொன்னேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

"நூத்துக்கு அம்பத்திரெண்டுன்னா காசு சுண்டறதுதானுங்கண்ணா," என்றாள், டீச்சர் குரலில். பிறகு, "அன்னைக்கு யாரும் இந்தக் கணக்குப் போடலீங்களே."

போட்டிருந்தால் நான் போயிருப்பேனா என்று அவள் கேட்கவில்லை. பாப்பாவைப் போகாதே என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. வீட்டை வை என்று சொல்லவும் வாய் வரவில்லை. கட்டணத்தில் பாதியை நான் தருகிறேன், வீட்டைத் தொடாதே என்றேன். மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அவள் குரலில் சந்தோஷம் இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை.

கூடத்துக்குத் திரும்பியபோது ரெய்டர்ஸ் 6-ஆவது இடத்தில் ஜென்ட்டியை எடுத்திருந்தார்கள். மகன் என்னோடு பேசவில்லை. 10-ஆவது இடத்தில் பேர்ஸ் கோல்ஸ்டன் லவ்லாண்டை எடுத்தபோதும் தலையை மட்டும் ஆட்டினான்.

அந்த 39-க்கும் ஒரு கதை உண்டு. 2023-ல் கரோலினா பேந்தர்ஸ் முதல் இடத்துக்கு ஏறுவதற்காக எங்களுக்கு 9, 61 ஆகிய இடங்களையும், 2024-ன் முதல் சுற்றையும், 2025-ன் இரண்டாம் சுற்றையும், டி.ஜே. மூர் என்ற முழு ஆளையும் கொடுத்தது. அந்தப் பருவத்தில் அவர்கள் 17-ல் 2 ஆட்டம்தான் ஜெயித்தார்கள். அதனால் 2024-ன் முதல் இடமே அவர்கள் கையிலிருந்து எங்களுக்கு வந்தது. கேலப் வில்லியம்ஸ் வந்தான். 39, அந்தக் கடனின் கடைசித் தவணை.

வெள்ளி இரவு அந்த இடத்தில் லூதர் பர்டன் பெயரை வாசித்தார்கள். முந்தின நாள் அதைச் சில்லறையாகக் கொடுத்துவிடலாம் என்றவன் சோபாவில் ஏறிக் குதித்தான். நான் சமையலறையில் வங்கியின் வட்டி விகிதங்களைத் தங்கைக்குத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். "அப்பா, பாத்தியா?" என்று கத்தினான். பார்க்கவில்லை.