மண்டபத்துக் கோமாளி

ராமேசுவரம் போகிறவர்கள் பாம்பன் பாலத்தைக் காண ஜன்னலோரம் இடம் பிடிப்பார்களே தவிர, அதற்கு முன்பே வரும் மண்டபத்தில் இறங்குவது அபூர்வம். இங்கிருந்து தூத்துக்குடிவரை கடலில் 21 தீவுகள். சுற்றிலும் பவளப் பாறைகள். 1986 முதல் தேசியப் பூங்காவாதலால், அங்கே மீன் பிடிக்கக் கூடாது.

பவளப் பாறையில் வாழும் சாதுக்களில் ஒன்று கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. மற்ற மீன்களைக் கொட்டும் கடல் தாமரைதான் அதற்கு வீடு. அந்த வீட்டில் ராஜ்யம் பெண்ணுடையது! அவள் இறந்தால் கணவனே பெண்ணாக மாறிப் பொறுப்பேற்கிறது.

வீட்டில் வளர்க்க ஆசையா? மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளியைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். கடையில், "பொரிப்பகத்துக் குஞ்சா?" என்று கேட்டு வாங்குங்கள். கடலில் பிடித்தது தொட்டித் தீனியைத் தொடாமலே மடிவதுண்டு.

சமையல் உப்பு உதவாது. மீன் தொட்டிக்கென்று விற்கும் கடலுப்பை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கரையுங்கள். கழிவை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் பொறுத்து, பிறகு மீனை விடுங்கள். நீர் வற்றினால் நல்ல தண்ணீரே ஊற்றுங்கள், உப்பு ஆவியாவதில்லை.

கடலில் பிறந்தது கடலிலேயே இருக்கட்டும்; தொட்டியில் பிறந்தது நம் கூடத்துக்கு வரட்டுமே!