பிள்ளைக் கணக்கு

மெல்போர்னில் இருக்கும் மகனோடு போய்த் தங்க என்ன வழி என்று விசாரித்தபோது, ஆஸ்திரேலியக் குடியேற்ற விதிகளில் ஒரு கணக்கு கண்ணில் பட்டது. மனம் அதையே சுற்றி வருகிறது. நிரந்தரப் பெற்றோர் விசா கேட்பவரின் பிள்ளைகளில் பாதிப் பேராவது அங்கே குடியிருக்க வேண்டும். அல்லது வேறெந்த ஒரு நாட்டில் இருப்பவர்களையும்விட அங்கே இருப்பவர்கள் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று அங்கே என்றால் சரி. மூன்று பேர் மூன்று நாட்டில் என்றால் கதவடைப்பு. இறந்த பிள்ளை கணக்கில் வராது.

அந்த இடத்தில்தான் ஆச்சி நினைவுக்கு வந்தாள். எத்தனை பிள்ளை என்று யார் கேட்டாலும், அம்மையில் போன மகளையும் சேர்த்தே சொல்வாள். மகன்கள் அவளை முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள், ஆளுக்கு ஒரு மாதம். மாதம் பிறந்ததும் டிரங்குப் பெட்டியும் வெற்றிலை உரலும் அடுத்த வீட்டுக்குப் போகும். பெரியப்பா வீட்டில் கட்டில் உண்டு, மின்விசிறி உண்டு. சித்தப்பாவுக்கு ஓலைக்கூரை, சித்தி சீக்காளி. ஆனாலும் அங்கே முறை முடிந்தால் மட்டும் ஆச்சி கிளம்ப மாட்டாள். பெரியப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்பார். “இங்கன கஞ்சி காய்ச்ச ஆளில்ல. நான் அங்க வந்து என்னல செய்ய?” என்று திருப்பி அனுப்பிவிடுவாள். எத்தனை மகன்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பது அவளுக்குப் பொருட்டே இல்லை.

எனக்கும் அந்த நியாயம்தான் சரியென்று படுகிறது. மருமகள் கைக்குழந்தையோடு தனியாகத் திண்டாடுகிறாள். விதிக்கணக்கில் நான் தேறுவேன்; இரண்டு பிள்ளைகளில் மகன் அங்கே, மகள் பாளையங்கோட்டையில். ஆனால் கட்டணம் குறைந்த வரிசையில் காத்திருப்பு 30 ஆண்டுக்கு மேல் என்று அந்த அரசே சொல்கிறது. தலைக்கு 40,000 டாலருக்கு மேல் கட்டும் வரிசையும் 10 ஆண்டைத் தாண்டுகிறது. அறுபதைக் கடந்தவர்களிடம் இப்படியொரு காத்திருப்பைச் சொல்வது கொடுமை.

2019இல் வந்த 870 என்ற தற்காலிகப் பெற்றோர் விசாவுக்குப் பிள்ளைக் கணக்கு கிடையாது. ஒரு தடவைக்கு 3 அல்லது 5 ஆண்டு, மொத்தம் 10 ஆண்டு வரை தங்கலாம். சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. ஓய்வுபெற்ற நர்ஸான எனக்கு அதில் வருத்தம் உண்டு. முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் கை இன்னும் மறந்துபோகவில்லை. இருந்தாலும் 3 ஆண்டு விசாவே கேட்கப் போகிறேன். அதற்குள் மகளுக்குப் பிரசவம் வந்தால் இங்கே திரும்பிவிடுவேன். முதலில் ஸ்பான்சர் அனுமதி வாங்க வேண்டுமாம். அந்த விண்ணப்பத்தை உடனே போடும்படி மகனிடம் சொல்லியாயிற்று.