குணமாகாதவரைக் குறை சொல்லாதீர்!

கால் முறிந்து கிடப்பவரை, "எழுந்து நட" என்று எவரும் அதட்டுவதில்லை. மனச்சோர்வு நோயால் எழ இயலாதவரை மட்டும், "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்று அதட்டுகின்றனர். ஈமானில் குறை காண்போரும் உண்டு. முறிந்த எலும்பு கண்ணுக்குத் தெரிகிறது. மூளையினுள் நிகழ்வது தெரிவதில்லை. வேறுபாடு அவ்வளவே.

என் சாச்சியின் மகள் இந்நோயால் பல ஆண்டுகள் துன்புற்றாள். இருவகை மாத்திரைகளும் பயன் தராதபோது, மருத்துவர் காந்தத் தூண்டல் சிகிச்சையைப் பரிந்துரைத்தார். துணைக்குச் சென்ற நான் அதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1985ஆம் ஆண்டு அந்தோணி பார்க்கர் குழுவினர் உருவாக்கிய கருவியே இதன் தொடக்கம். தலைமீது வைக்கும் கம்பிச் சுருளில் மின்சாரம் விட்டுவிட்டுப் பாயும்போது காந்தப்புலம் தோன்றி, மண்டையோட்டைக் கடந்து, நரம்பணுக்களைத் தூண்டுகிறது. மயக்க மருந்து வேண்டியதில்லை. அமெரிக்க அரசு மனச்சோர்வுக்கு இதனை 2008இல் அனுமதித்தது. வழக்கமாக வாரத்திற்கு ஐந்து நாட்கள், நான்கு முதல் ஆறு வாரங்கள் செய்வர். தலைக்குள் உலோகக் கருவி பொருத்தியவர்களும், வலிப்பு கண்டவர்களும் அதனை மருத்துவரிடம் முன்னரே கூறிவிட வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழும். காந்தத்தின் ஆற்றல் மூளையின் மேற்பரப்பில் சில சென்டிமீட்டர் ஆழமே செல்லும். மனச்சோர்வுடன் தொடர்புடைய ஒரு பகுதியோ நடுவே ஆழத்தில் இருக்கிறது. எனில், பயன் எவ்வாறு விளைகிறது? கிணற்றின் மேலே நின்று கயிற்றை இழுத்தால் அடியிலுள்ள வாளி அசைகிறதன்றோ? அதுபோல் முன்மூளையின் இடப்பக்கத்தைத் தூண்டினால், நரம்பு இணைப்புகளின் வழியே ஆழத்திலும் மாற்றம் உண்டாகிறது என்பது ஆய்வாளர் கருத்து. அவ்வாழ்பகுதிக்கு நேரெதிராக இயங்கும் இடங்களைத் தூண்டியபோதே கூடுதல் பலன் கிடைத்ததாக 2012இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

இவ்விணைப்புகள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒவ்வொருவரின் மூளையையும் ஸ்கேன் செய்து இடத்தைக் குறிக்கும் முறைகளும் தோன்றின. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான அத்தகைய முறை, ஐந்தே நாட்களில், நாளொன்றுக்குப் பத்து முறை தூண்டல் அளிப்பது. 2022இல் அனுமதி பெற்றது. ஆயினும் 2024இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், இணைப்புகளைப் பார்த்து இடம் குறித்த ஒரு முறையும், வழக்கமான முறையும் 255 பேரிடையே ஒப்பிடப்பட்டன. இரு பிரிவினரும் நலம் கண்டனர். ஒன்று மற்றதை விஞ்சவில்லை. யாருக்கு எது பயன்படும் என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல அறிஞர்களாலும் இன்னும் இயலவில்லை.

தங்கையுடன் சிகிச்சை பெற்ற ஒரு பெண்மணி மூன்றாம் வாரத்திலேயே சிரித்துப் பேசலானார். தங்கைக்கோ ஆறு வாரங்கள் முடிந்தும் சிறு மாற்றமே தெரிந்தது. வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், "அவளுக்குக் குணமாயிற்றே, உனக்கு மட்டும் ஏன் இல்லை?" என்றார். அன்றிரவு அவள் உணவைத் தொடவில்லை. பின்னர் மருத்துவர் மருந்தை மாற்றினார். இப்போது மெல்லத் தேறி வருகிறாள்.

வாசகர்களே! ஒரு சிகிச்சை பலனளிக்கவில்லையெனில், தோற்றது அந்தச் சிகிச்சையே, நோயாளி அல்லர். அடுத்த வழியை மருத்துவர் தேடட்டும். அதுவரை, "ஏன் குணமாகவில்லை?" என்று கேட்காமல், "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். அவர்களுக்கு அதுவே பேருதவி.