பன்னிரண்டு வயதுக்காரி

பெண் குழந்தைகளின் படிப்புக்காகப் பணம் கேட்கும் அறிக்கைகளில் ஒரு கணக்கு தவறாமல் இருக்கும். அவளைப் படிக்கவைத்தால் தாமதமாகத் திருமணம் செய்துகொள்வாள், குறைவாகப் பிள்ளை பெறுவாள், பெற்ற பிள்ளைகளை நன்றாக வளர்ப்பாள், நாட்டின் வருமானம் உயரும். கணக்கு பொய்யல்ல. ஆனால் அதில் அவள் எங்கே? அவள் வழியாக யார் யாருக்கோ போய்ச் சேரும் பலன்தான் இருக்கிறது. இப்போது சபைகளிலும் 'குழந்தைகளில் முதலீடு' என்று பிரசங்கம் கேட்கிறேன். முதலீடு என்றால் வட்டியை எதிர்பார்ப்பார்கள். சுவிசேஷம் எதிர்பார்க்கிறதா?

மாற்கு 5ஆம் அதிகாரத்தில் யவீருவின் மகள் செத்துக்கிடக்கிறாள். வயது பன்னிரண்டு. அவளைப் பார்க்கப் போகும் வழியில் இயேசுவின் உடையைத் தொடுகிறவளுக்குப் பன்னிரண்டு வருடப் பெரும்பாடு. ஒருத்தி இரத்தத்தால் ஒதுக்கப்பட்டவள். மற்றவள் அந்த வயதின் வாசலில் நிற்பவள். இரண்டு பன்னிரண்டையும் மாற்கு காரணமில்லாமல் அடுத்தடுத்து வைக்கவில்லை என்றே நினைக்கிறேன். சிறுமி எழுந்து நடக்கிறாள். இயேசு சொல்வது இரண்டே விஷயம்: இது யாருக்கும் தெரியவேண்டாம், அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள். அவளைச் சாட்சி சொல்ல யாரிடமும் அனுப்பவில்லை. எழுந்தவளுக்குப் பசிக்கும் என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது.

நம் பக்கத்து மிஷன் வரலாறு இவ்வளவு எளிமையானது அல்ல. நாகர்கோவிலில் 1820களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். மேலாடை போட உரிமையில்லாத சாதிகளிலிருந்தும் பிள்ளைகள் வந்த காலம் அது. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல்தான். லேஸ் விற்ற காசு பள்ளியை நடத்த உதவியது. அந்தக் காசில் தங்கள் விடுதலையை வாங்கிய பெண்களும் உண்டு. மிஷனரியின் தாராளம் என்று நாம் படிப்பதற்குள் அந்தச் சிறுமிகளின் விரல்களும் இருக்கின்றன. அங்கே முதலீடு செய்தவர்கள் அவர்களுந்தான். அவர்கள் பெயர்கள் எங்கே?

நானும் விடுதிச் சோற்றில் வளர்ந்தவள். பெயர் மட்டும் தெரிந்த ஒரு வெளிநாட்டுக் குடும்பம் எனக்காகப் பணம் அனுப்பியது. கிறிஸ்துமசுக்கு முன்னால் நன்றிக் கடிதம் எழுதவேண்டும். வார்டன் கரும்பலகையில் எழுதிப்போடுவார், நாங்கள் பார்த்து எழுதுவோம்: மதிப்பெண், ஜெபம், நன்றி. காய்ச்சலில் கிடந்ததற்கும் அம்மாவை நினைத்து அழுததற்கும் அந்தக் கடிதத்தில் இடமில்லை. கடிதத்தோடு ஒரு போட்டோவும் போகும். யாருக்கும் தெரியவேண்டாம் என்று சொன்னவரின் பெயரால்தான் இத்தனையும்.

அந்தக் குடும்பத்தின் மீது எனக்குக் கோபமில்லை. அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் தமிழ் படித்தேன், முனைவர் பட்டம் வாங்கினேன். இன்று சபைக் கூட்டங்களில் என்னை மேடையேற்றி, விதைத்தது வீண்போகவில்லை என்கிறார்கள். எனக்குப் பக்கத்துப் பாயில் படுத்தவள் பத்தாம் வகுப்பில் தோற்று ஊருக்குப் போய்ப் பீடி சுற்றினாள். அவளை எந்த மேடைக்கும் யாரும் கூப்பிடவில்லை. அப்படியானால் அவள் தின்ற சோறு நட்டமா?

இயேசு ஒரு பிள்ளையைச் சீடர்களின் நடுவில் நிறுத்தியபோது அது வளர்ந்து என்னவாகும் என்று சொல்லவில்லை. இந்தப் பிள்ளையை ஏற்றுக்கொள்கிறவர் தன்னையே ஏற்றுக்கொள்கிறார் என்றார். அந்தப் பிள்ளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. நம் 'பிள்ளை'யும் அப்படித்தான்.

உலகத்துக் குழந்தைகளுக்காகக் காணிக்கை எடுங்கள், இன்னும் அதிகமாகவே எடுங்கள். கடிதம் கேட்காதீர்கள். போட்டோ கேட்காதீர்கள். தோற்றுப்போகப் போகிறவளின் தட்டிலும் முட்டை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.